பாத்ததா, கேட்டதா?

பிஞ்சு வெண்டைக்காயின் நுனியைக் கட்டைவிரலால் தள்ளினால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். முற்றியதைத் தள்ளினால் சத்தம் இருக்காது. வளையும், நார் பிரியும், அவ்வளவுதான். சிங்கப்பூர்த் தேக்காவின் பழைய சந்தையில், மீன் கழுவிய தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் கலந்து ஓடும் ஈரத் தரையில், கூடையைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றபடி நான் கேட்ட அந்தச் சத்தம், இத்தனை வயதுக்குப் பிறகும் எங்கே காதில் விழுந்தாலும் என்னைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

காய்க்கடைக்காரர்களுக்கு அம்மாவைக் கண்டால் ஆகாது. "அஞ்சலையக்கா வந்துட்டாங்க, காயெல்லாம் ஒளிச்சு வைங்கடா" என்று ஒருவர் குரல் கொடுப்பார். "ஒடிச்ச காயை யாருக்கா வாங்குவா?" என்பார் இன்னொருவர். "நான்தான் வாங்கறேனே. ஒடியாததை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கொழம்பு வைங்க" என்பாள் அம்மா. மீன்காரச் சீனர், இன்று காலையில் வந்த மீன் என்று மலாயில் சத்தியம் செய்தால், அந்தச் சத்தியத்தைக் கேட்டுக்கொண்டே மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். மனிதர்கள் சொல்வதைக் கேட்கக் கூடாது என்பதில்லை. கேட்டுக்கொண்டே பார்க்கவும் வேண்டும் என்பது அவள் வழக்கம்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. ஓர் உயர்நிலைப் பள்ளியின் தமிழ் மன்றத்துப் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: மாணவர்களுக்கு ஆய்வுச் சிந்தனை ஏன் வேண்டும்? நான் படித்தது தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். அதை நான் ஒளிப்பதில்லை. மேடை ஏறினால் அதைத்தான் முதலில் சொல்வேன், பிறகு என் குளிர்பதனக் கிடங்குகளைப் பற்றியும் லாரிகளைப் பற்றியும் சொல்வேன், அப்போதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். தேக்காவில் இன்று நீங்கள் வாங்கிய முருங்கைக்காய் அநேகமாக என் லாரியில் வந்ததுதான். ஆறாம் வகுப்புக்காரனிடம் பட்டதாரிகள் வேலை பார்க்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதே இல்லை. உழைத்தவன் சொல்லலாம்.

ஆனால் 'ஆய்வுச் சிந்தனை' என்ற சொல் எனக்குப் புதிது. செங்காங்கில் மகன் வீட்டுக்குப் போனபோது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி யாழினியிடம் அது என்னவென்று கேட்டேன்.

"யாராச்சும் ஒண்ணு சொன்னா உடனே நம்பாம, ஹவ் டூ யூ நோன்னு கேக்கறது தாத்தா. எவிடன்ஸ் எங்கன்னு பாக்கறது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? எங்க லெக்சரர் அதுலதான் டாக்டரேட்டே வாங்கியிருக்காரு லா."

எங்கள் வீட்டில் அதற்கு இருந்த பெயர் சின்னது. 'பாத்ததா, கேட்டதா?' அம்மாவின் கேள்வி அது. நீ சொல்வது நீயே கண்ணால் கண்டதா, இல்லை யாரோ சொல்லிக் காதில் விழுந்ததா என்று பொருள்.

நாங்கள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புப் போட்ட அறை ஒன்றில் குடியிருந்தோம். பின்சந்தில் ஒரு மலாய்க்கார அம்மாவின் வீட்டு வேலியோரம் 'நங்கா' மரம் இருந்தது. பலா மரத்தை அங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த மரத்தில் 'பொந்தியானாக்' என்ற பெண் பேய் வெள்ளைத் துணியோடு தொங்குகிறது என்று பையன்கள் சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன், பள்ளிக்குச் சுற்றிக்கொண்டு போனேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"பாத்ததா, கேட்டதா?"

"கேட்டது. மணி சொன்னான்."

"மணி பாத்தானா?"

"அவனுக்கு அவங்க அண்ணன் சொன்னான்."

"அவங்க அண்ணனுக்கு யாரு, அந்தப் பொந்தியானாக்கே வந்து சொல்லிச்சா? வா, போய்ப் பாப்போம்."

பட்டப்பகலில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மரத்தில் வெள்ளையாகத் தொங்கியவை பலாக்காய்கள். பூச்சியும் வௌவாலும் அண்டாமலிருக்க, பழைய கோதுமை மாவுப் பைகளைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அந்த மலாய்க்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பழுத்த ஒன்றை வெட்டி எங்களுக்குச் சுளை கொடுத்தார். "பொந்தியானாக் நல்லா இனிப்பா இருக்குல்ல?" என்று கேட்டபடி அம்மா கொட்டையைத் துப்பினாள். என் வாழ்நாளில் நான் பயமில்லாமல் சாப்பிட்ட முதல் பேய் அதுதான்.

அப்பா ராமையா, மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்தார். எப்படிக் குளித்தாலும் அவர் புருவத்திலிருந்து மஞ்சள் தூள் போகாது. தூக்கிக் கொஞ்சினால் எனக்குத் தும்மல் வரும். அன்பான மனிதர். வேலை முடிந்ததும் காதர் நானாவின் 'சரபத்துக் கடை' பெஞ்சில் உட்கார்ந்து, இஞ்சித் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, ஊர் உலகச் செய்திகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வது அவருக்கு இரண்டாவது வேலை. நாள் முழுவதும் இயந்திரச் சத்தத்தில் வாயைத் திறக்க முடியாத மனிதருக்கு, அந்தப் பெஞ்சு ஒன்றுதான் நாலு பேர் காது கொடுத்த இடம். எனக்கு இருக்கும் பேச்சு அவரிடமிருந்து வந்ததுதான்.

ஒரு வருஷம் எங்கே போனாலும் அடையாள அட்டையின் நிறம்தான் பேச்சு. குடிமக்களுக்குச் 'சிவப்பு ஐசி', மற்றவர்களுக்கு 'நீல ஐசி'. நான் இங்கே பிறந்தவன், எனக்குக் கவலையில்லை. அப்பாவும் அம்மாவும் நீலம். நீண்ட காலம் இங்கே இருந்தவர்கள் மனுப் போட்டுச் சிவப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கும் அந்த ஆசை இருந்தது. பெற்றவள் ஒரு நிறம், பிள்ளை ஒரு நிறம் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் அப்பா பெஞ்சிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார்.

"செவப்பு எடுத்தா ஊர்ல இருக்கற நெலத்தை அங்க கவர்மெண்டு எடுத்துக்குமாம். அப்புறம் நம்ம நெலத்துல நாமளே கால வைக்க முடியாதாம்."

ஊரில் எங்களுக்கு இருந்தது கையகல நிலம், அதுவும் ஒரு பங்காளியின் உழவில்.

"பாத்ததா, கேட்டதா?" என்றாள் அம்மா.

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"நானா கடையில பேசறாங்கன்னா சும்மாவா பேசுவாங்க? பேசாம சோத்தைப் போடு."

அம்மா சோற்றைப் போட்டாள். மறுநாள் சந்தை முடிந்ததும், கூடையை என் தலையில் வைத்துவிட்டு நேராகக் காதர் நானாவின் கடைக்கு நடந்தாள்.

"நானா, செவப்பு ஐசி எடுத்தா நெலம் போயிடும்னு சொன்னீங்களாமே. யாருக்காச்சும் போச்சா?"

"எனக்கு என்ன தெரியும் தங்கச்சி, எனக்குத்தான் நெலமே இல்லையே. முடிவெட்டற பரமசிவம் சொன்னாரு. அவருகிட்ட ஊரே தலையைக் குடுக்குது, அவருக்குத் தெரியாம இருக்குமா?"

பரமசிவம் அப்போது ஒருவருக்கு மீசை திருத்திக்கொண்டிருந்தார். "கத்தி கையில இருக்கும்மா, சுருக்கா கேளு" என்றவர், கேள்வியைக் கேட்டதும், "மாமாக்கடை வேலு சொன்னாப்ல. அவரு பேப்பர் விக்கறவரு, படிச்சுட்டுத்தான் சொல்லியிருப்பாரு" என்றார். நாற்காலியில் இருந்தவர், "போய்ட்டு வாக்கா, என் பாதி மீசை காத்துக்கிடக்கு" என்றார்.

வேலுவின் கடை, கடைவீடுகளின் முன்னால் ஓடும் 'அஞ்சடி' நடைபாதையில், ஒரு தூணுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தது. பீடி, பத்திரிகை, மிட்டாய், தலைவலித் தைலம் எல்லாம் அங்கே கிடைக்கும்.

"எந்தப் பேப்பர்ல போட்டிருக்கு வேலு?"

"பேப்பர்ல எங்கக்கா போட்டான்? ஒங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு."

"யாரு?"

"ராமையாண்ணன்தான். போன வாரம் பீடி வாங்க வந்தவரு, 'செவப்பு எடுத்தா ஊர் நெலம் என்னாகுமோ தெரியல, எடுத்தாலும் எடுத்துக்குவான்'னு சொன்னாரு. நான் முடிவெட்டப் போனப்ப பரமசிவண்ணன்கிட்டச் சொன்னேன். ஏன்க்கா, எதாச்சும் பிரச்சினையா?"

அம்மா அஞ்சடியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா 'என்னாகுமோ' என்று வழியில் விட்ட ஒரு பயம், நாலு கடை ஏறி இறங்கி, 'ஆகுமாம்' என்று அவரிடமே திரும்பி வந்திருந்தது. தான் பெற்ற பிள்ளையை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் அங்கே உட்கார்ந்து சிரித்ததுதான் வினையாகிவிட்டது. கடையில் நின்றவர்கள் கேட்டார்கள், அவர்களும் சிரித்தார்கள். மாலையில் அப்பா பெஞ்சுக்குப் போனபோது அவருக்கு முன்னாலேயே கதை அங்கே போய் உட்கார்ந்திருந்தது. "வாங்க ராமையாண்ணே, புதுசா சேதி ஏதாச்சும் உண்டா? நீங்க இன்னைக்குச் சொல்லுங்க, நாங்க நாளைக்கு உங்களுக்கே சொல்றோம்" என்று ஒருவர் சொல்ல, காதர் நானா சிரிப்பை அடக்க முடியாமல் தேநீரை ஆற்றும்போது கையில் ஊற்றிக்கொண்டாராம்.

அப்பா தேநீர் குடிக்காமல் வந்தார். அறைக்குள் வராமல், எல்லாத் தடுப்புக்குள்ளும் கேட்கிற மாதிரி மாடிப்படியில் நின்றே சொன்னார். "எங்குடும்பத்துல யாரும் செவப்பு எடுக்கப்போறதில்ல. இதுக்கு மேல இந்த வீட்ல கேள்வி இல்ல."

அம்மாவின் கேள்வியில் தப்பில்லை, அவள் கண்டுபிடித்ததிலும் தப்பில்லை. ஆனால் அந்த உண்மை அப்பாவிடம் போய்ச் சேர்ந்த வழி ஒரு தெருவின் சிரிப்பு வழியாக இருந்தது. நாலு பேர் சிரிக்கிற இடத்தில் நிற்பவனால் தன் தப்பைப் பார்க்க முடியாது, சிரிக்கிறவர்களின் பல்லைத்தான் பார்ப்பான். மாணவர்களுக்கு நான் ஏதாவது சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: கேள்வி கேட்கப் பள்ளியில் கற்றுத்தருகிறார்கள், நல்லது. தான் நினைத்தது தப்பு என்று ஒருவர் தலைகுனியாமல் சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே, அதை வகுப்பிலும் வீட்டிலும் யாராவது உண்டாக்கித் தர வேண்டும். எங்கள் அறையில் அது இல்லை.

"கொஞ்ச நாள் போகட்டும்டா ராசு. அவரு கோவம் ஆறட்டும். அப்புறம் நானே ஐசி ஆபீசுக்குப் போய்க் கேட்டுக்கறேன்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். கோபம் ஆறுவதற்குள் ஊரிலிருந்து சேதி வந்தது. அவளுடைய அப்பா படுத்துவிட்டார்.

கப்பல் கட்டணம் ஒருவருக்குத்தான் கட்ட முடிந்தது. எனக்குப் பள்ளி இருந்தது, அப்பாவுக்கு ஆலை இருந்தது. நீல ஐசிக்காரர்கள் வெளியூர் போனால், இன்ன தேதிக்குள் திரும்பி வரலாம் என்று ஒரு 'பெர்மிட்' கொடுப்பார்கள். அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் என் தலையைத் தடவி அம்மா சொன்னது இதுதான்: "மீன் வாங்கப் போனா நீ கூடப் போ. கண்ணைப் பாத்து வாங்கு. ஒங்கப்பா ஏமாந்துடுவாரு." அப்பா பக்கத்தில் நின்று சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

தாத்தா எழுந்து நடக்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. கெடுத் தேதி நெருங்கியபோது அம்மா யாரிடமோ சொல்லி ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். இன்னும் சில மாதம் தங்கிவிட்டு வர முடியுமா என்று ஆபீசில் கேட்டு எழுதுங்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே, நீங்களே போய்க் கேளுங்கள், வேறு யாரிடமும் கேட்காதீர்கள் என்று இருந்தது.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். சரபத்துக் கடை வரைக்கும்தான் போனார்.

"பொண்டாட்டிதானேண்ணே. புருஷன் இங்க, புள்ள இங்க. தேதி கொஞ்சம் முன்னபின்ன ஆனா விட்டுடுவாங்க லா" என்றார்களாம் பெஞ்சில். தன்னைப் பார்த்துச் சிரித்த அதே பெஞ்சைத்தான் அவர் நம்பினார். பயப்படாமல் இரு, தாத்தாவைப் பார்த்துவிட்டு நிதானமாக வா என்று பதில் போயிற்று.

அப்பாவை மூடர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அந்த ஆபீசின் மேசைகளைக் கண்டு பயம். அங்கே ஆங்கிலத்தில் கேட்பார்கள், தெரியாமல் விழிக்க வேண்டும், வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள் என்று பயம். கேட்கத் தெரியாதவர்கள் உலகத்தில் குறைவு. கேட்டால் நமக்குத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமே என்று வெட்கப்படுகிறவர்கள்தான் நிறைய. வகுப்பில் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி யாராவது பேசினால், வெள்ளைச் சட்டையோடு சரபத்துக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் அப்பாதான் எனக்குக் கண்ணில் தெரிகிறார்.

தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா கப்பலுக்குப் போனாள். தேதி கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சேதி வந்த அன்றுதான் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். புருவத்து மஞ்சளைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து, தோல் சிவந்திருந்தது. வழி முழுவதும் இரண்டு ஆங்கிலச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "சார், ஒய்ஃப். சார், ஒய்ஃப்." மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்காரர் இருந்தார். அப்பா அந்த இரண்டு சொல்லையும் சொல்லிவிட்டு நின்றதும், அவர் நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்கள் பாக்சிக், மலாயில் பேசலாமே" என்று, மாமா என்று அழைக்கும் மரியாதையோடு மலாயிலேயே சொன்னார்.

மலாய். ஆலையின் லாரிக்காரர்களோடு அப்பா தினமும் பேசிய, சண்டை போட்ட, கேலி செய்த மொழி. அவர் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த ஆங்கிலம் அந்த மேசைக்கு வரவே இல்லை.

அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். தேதி முடிவதற்கு முன்னால் வந்திருந்தால் நீட்டிக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கலாம், பலருக்குக் கிடைத்திருக்கிறது என்றார். இனிமேல் புதிதாகத்தான் போட வேண்டும், சட்டம் இறுகிக்கொண்டு வருகிறது, கிடைக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அப்பா அடுத்து நிலத்தைப் பற்றிக் கேட்டார். "அது அந்த நாட்டுச் சட்டம். எனக்குத் தெரியாது" என்றார் அவர். "இந்தியத் தூதரகத்தில் கேட்டால் சொல்வார்களே. கேட்கவில்லையா?"

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அப்பா சொன்னார்: "பாத்தியாடா ராசு. அவ்வளவு பெரிய மேசை போட்டு உக்காந்திருக்கற மனுஷன், எனக்குத் தெரியாதுங்கறாரு. நான் ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கனா அதை?"

அதற்குப் பிறகு அவர் பெஞ்சில் தீர்ப்புச் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும், "எனக்குத் தெரியாது. வா, போய்க் கேப்போம்" என்று எழுந்துவிடுவார். முதலில் கேலி செய்தார்கள், பிறகு வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிவைத்துவிட்டால், திங்கட்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களை அவர்களுடைய புருஷன்மாரோடு அந்த மேசைகளுக்கு அழைத்துப் போவார். தன் மனைவிக்காகப் போகாத இடத்துக்கு ஊரார் மனைவிகளுக்காக அவர் நடையாய் நடந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ பேர் அதனால் சிவப்பு ஐசி வாங்கினார்கள். அம்மாவுக்காக அவர் போட்ட மனுக்களுக்கு மட்டும் நல்ல பதில் வரவில்லை. ஆலைத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமி, நான் ஆறாம் வகுப்பு முடித்த வருஷம் அவர் போய்விட்டார். ஊர் நிலத்தை எந்த அரசாங்கமும் எடுக்கவில்லை. பங்காளிதான் எடுத்துக்கொண்டார், அவர் எங்கள் ஐசியின் நிறத்தைக் கேட்கவில்லை.

நானும் அம்மாவிடம் வந்துவிடுகிறேன் என்று எழுதினேன். வேண்டாம், நீ பிறந்த ஊர் அது, அங்கேயே கால் ஊன்று என்று பதில் வந்தது. காதர் நானாவின் கடையில் கோப்பை கழுவிச் சாப்பிட்டேன், சந்தையில் காய்ப் பெட்டி சுமந்தேன், பிறகு ஒரு கடை, பிறகு இன்னொன்று. எப்படி மேலே வந்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒருமுறை வெங்காயம் இனி வராது என்று சந்தை முழுவதும் பேச்சு. எல்லோரும் கிடைத்த விலைக்கு வாங்கிக் குவித்தார்கள். எனக்கு வெங்காயம் அனுப்புகிற ஊர்க்காரரை நான் தொலைபேசியில் பிடித்து, "அண்ணே, யாரு என்ன சொன்னாங்கன்னு சொல்லாதீங்க. வாசல்ல போய் நில்லுங்க. லாரி ஓடுதா, நிக்குதா?" என்றேன். ஓடுகிறது என்றார். மற்றவர்களின் கிடங்கில் வெங்காயம் முளைத்தது, நான் அடுத்த கடையைத் திறந்தேன். இது என் திறமை என்றுதான் மேடையில் சொல்லி வந்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

கையில் காசு சேர்ந்ததும் அம்மாவைப் பார்க்கப் போனேன். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் தன் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் இருந்தாள். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தாள். தங்கக் கடிகாரம் கட்டியிருந்த கையை நீட்டி நீட்டி நான் பேசினேன்: இரண்டு கடை, ஒரு வேன், என்னிடம் வேலைக்கு ஆட்கள், தேக்காவில் என்னைத் தெரியாதவர் இல்லை. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் சொன்னாங்கடா ராசு. அங்கேருந்து வர்றவங்க எல்லாரும் சொன்னாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். "கேட்டதுதான். பாக்கல."

"அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போறேம்மா. சுத்திப் பாக்க வர்றதுக்கு விடறாங்க. நானே ஆபீசுக்குப் போய்க் கேட்டுட்டேன்."

"நீயே போய்க் கேட்டியா?" என்றாள், அதில்தான் அவளுக்குச் சந்தோஷம். "அப்பச் சரி. பாப்போம்."

வேண்டிய தாள்களை எல்லாம் நான் தயார் செய்துவிட்டேன். அந்த அடுத்த வருஷத்துக்கு அவள் இருக்கவில்லை.

இப்போது நான் தெம்பனிஸில் இருக்கிறேன். மிளகாய் அரைத்த ஆலை இருந்த இடத்தில் தங்கும் விடுதி நிற்கிறது. நங்கா மரம் இருந்த சந்தே இல்லை. சரபத்துக் கடை இருந்த மூலையில் கைத்தொலைபேசி பழுது பார்க்கிறார்கள், அந்தப் பெஞ்சு மட்டும் எல்லோர் சட்டைப் பையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் எழுந்ததும் வந்து விழும்: இதைத் தின்றால் அந்த நோய் போகும், அந்த ஊரில் இப்படி ஆகிவிட்டது, உடனே பத்துப் பேருக்கு அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே நான் 'பாத்ததா, கேட்டதா?' என்று போடுகிறேன். சின்னவர்கள் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள், பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொண்டவர்களைக் குழுவுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன். தெரு சிரிக்கும்படி யாருடைய தப்பையும் நான் காட்டுவதில்லை.

பேரங்காடியில் வெண்டைக்காயைத் தட்டில் அடுக்கிப் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஒடித்துப் பார்க்க நுனி கிடைக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கே போகிறேன். போன வாரம் பழக்கத்தில் ஒன்றை எடுத்துத் தள்ளிவிட்டேன். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் கடையில் இருந்தாள்.

"ஐயா, ஒடிக்காதீங்க. போர்டு போட்டிருக்கு பாருங்க. ஒடிச்சதை யாரு வாங்குவா?"

அந்தப் பெட்டி என் லாரியில் வந்தது. வேறு சமயமாக இருந்தால் அதை அவளிடம் சொல்லியிருப்பேன், நான் யார் என்று அவள் முதலாளியைக் கூப்பிட்டே சொல்லச் சொல்லியிருப்பேன். "நான்தான் வாங்கறேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

என் கிடங்கைப் பற்றி, லாரிகளைப் பற்றி, பேத்தியின் படிப்பைப் பற்றி நான் சொல்லாத ஆள் இந்தச் சிங்கப்பூரில் இல்லை. எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். அம்மா வந்து பார்த்திருந்தால் என் பெருமையிலும் ஒவ்வொரு நுனியாக ஒடித்துப் பார்த்திருப்பாள். இது பிஞ்சு, இது முற்றல், இதைத் தூக்கிப் போடு என்று சொல்லியிருப்பாள். அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது.